பங்கீட்டில் நியாயம் எது?

எல்லோருக்கும் சமமாய்ப் பங்கிடுவதே நியாயம் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஜுரத்தில் கிடந்து எழுந்த பிள்ளைக்குத் தாய் ஓர் ஆழாக்குப் பால் அதிகம் கொடுத்தால், மற்றப் பிள்ளைகளுக்கு அவள் அநியாயம் செய்தாள் என்று யாரும் சொல்வதில்லை. சமம் வேறு, நியாயம் வேறு என்பது நம் அடுப்பங்கரைக்கே தெரிந்த விஷயம். தேசத்தின் பங்கீட்டுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1940 ஜனவரி 8-ந் தேதி அங்கே உணவு ரேஷன் முறை அமுலுக்கு வந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் பிரபுவுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே அளவுதான். அரச குடும்பத்துக்கும் ரேஷன் புத்தகம் உண்டு. ஆயினும் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பாலில் முதல் உரிமை இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்குப் பாலாடைக்கட்டி கூடுதலாய்க் கிடைத்தது. அடிப்படையில் சமம், அதற்கு மேல் அவரவர் தேவை.

அதே யுத்த காலத்தில், அதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த வங்காளத்தில் நடந்தது என்ன? 1943-ல் அங்கே அரிசி விலை விஷம்போல் ஏறிற்று. கல்கத்தாவில் பலருக்கு மலிவு விலையில் தானியம் கொடுக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்து விவசாயக் கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் சந்தையைத் தவிர வேறு கதியில்லை. அரசாங்க விசாரணைக் கமிஷன் ஒப்புக்கொண்ட மரணக் கணக்கே சுமார் 15 லட்சம். அவ்வருஷத்திய தானிய இருப்பு 1941-ல் இருந்ததைவிடக் குறைவானதல்ல என்று பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் 1981-ல் எடுத்துக்காட்டினார். அரிசி அறவே இல்லாமற் போகவில்லை. வாங்கும் சக்திதான் ஏழையிடம் இல்லாமற் போயிற்று.

நியாயத்தை அளக்க ஒரு கோல் உண்டா? அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜான் ரால்ஸ் 1971-ல் ஒரு வழி கூறினார். நாம் செல்வராய்ப் பிறப்போமா, ஏழையாய்ப் பிறப்போமா என்று அறியாமல், ஒரு திரைக்குப் பின் நின்று சமூகத்தின் விதிகளை வகுப்பதாகப் பாவிக்க வேண்டும் என்றார். அப்போது கடைசிப் படியில் நிற்பவனை நாம் மறக்கமாட்டோம். அவன் நாமாகவே இருக்கலாம் அன்றோ?

உழைத்தவனுக்கு அதிகம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. உழைப்புக்கு ஊதியம் வேண்டியதே. ஆனால் வங்காளத்துக் கூலிக்காரன் உழைக்காமலா பட்டினி கிடந்தான்?

லண்டனில் விதி வகுத்தவர்கள் அந்த விதிக்குத் தாமும் கட்டுப்பட்டவர்கள். வங்காளக் கிராமத்துக்கு விதி வகுத்தவர்கள் அங்கே பசித்திருக்க வேண்டியவர்களல்லர். தன் இலையும் அதே பந்தியின் கடைசியில் போடப்பட்டிருக்கிறது என்ற நினைவோடு பரிமாறுகிறவன் கையில்தான் நியாயம் இருக்கிறது.