அரசு மருத்துவமனையில் கருக்கலைப்பு: பரிந்துரை எவ்வாறு நடைபெறுகிறது?

மைசூரு: கருக்கலைப்புச் சேவையை நாடும் பெண்ணுக்குச் சட்டம் வகுத்துள்ள வரம்பு வாரக் கணக்கில் அமைந்தது. எனவே, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குப் பரிந்துரைப்பதில் ஏற்படும் தாமதம் அவரது உரிமையையே பாதிக்கக்கூடும்.

2021-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 20 வாரங்கள் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதுமானது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோர், சிறுமியர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தோர் உள்ளிட்ட பிரிவினருக்கு 24 வாரங்கள் வரை இரு மருத்துவர்களின் கருத்து தேவை. திருமணமாகாதவர்களுக்கும் இவ்வுரிமை உண்டு என 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கிராமங்களில் ஆஷா பணியாளரே பெரும்பாலும் முதல் தொடர்பு. தொடக்க வாரங்களில், பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது தாலுகா மருத்துவமனையிலேயே சிகிச்சை பெறலாம். 12 வாரங்களைக் கடந்தால், கூடுதல் தகுதியுள்ள மருத்துவரும் அறுவை சிகிச்சை, மயக்க மருந்து வசதிகளும் தேவை. அந்நிலையில் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுகின்றனர். மைசூரு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த செலுவாம்பா மருத்துவமனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அத்தகைய அரசு மருத்துவமனையாகும். வனப்பகுதியையொட்டிய எச்.டி. கோட்டே தாலுகாவிலிருந்து வருவோருக்கு இப்பயணமே ஒரு நாளை விழுங்கிவிடும்.

கருவில் கடுமையான குறைபாடு இருப்பின் 24 வாரங்களுக்குப் பின்னரும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். விண்ணப்பம் கிடைத்த 3 நாட்களுக்குள் அது கருத்துத் தெரிவிக்க வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்படும்போது கால வரம்பு இல்லை.

வயது வந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதுமானது. கணவர் அல்லது பெற்றோரின் கையொப்பம் தேவையில்லை. 18 வயதுக்குட்பட்டோருக்குப் பாதுகாவலரின் ஒப்புதல் அவசியம். பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். சிறுமியர் தொடர்பாகப் போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தகவல் அளிக்கும்போதும், சிறுமியும் பாதுகாவலரும் கோரினால் மருத்துவர் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு கூறுகிறது.

பாலினத் தேர்வுக்கான கருக்கலைப்பு முற்றிலும் வேறானது. மண்டியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து, மைசூருவில் பெண் கருக்களைச் சட்டவிரோதமாகக் கலைத்ததாக 2023-இல் ஒரு கும்பல் கைது செய்யப்பட்டது. இத்தகைய குற்றங்கள் மீதான நடவடிக்கை கண்டு அஞ்சி, சட்டபூர்வ சேவைக்கு உரியவர்களும் அரசு மருத்துவமனையைத் தவிர்த்தால், தகுதியற்றவர்களிடம் சிக்கும் அபாயம் உண்டு. கர்ப்பம் உறுதியானவுடன் அருகிலுள்ள அரசு மருத்துவரை அணுகுவதே பாதுகாப்பான வழி.