வாரம் ஒரு விமர்சனம்: அதன் பின்னால் இருக்கும் வேலை

வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. மறுநாள் விமர்சனம் வந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் விமர்சகர் என்ன செய்கிறார்? மாதச் சம்பளம் இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிப் படத்தையும் பாட்டையும் பற்றி எழுதுபவரின் வேலையை இங்கே பார்ப்போம். இதை விளக்கப் பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களை எடுத்துக்கொள்கிறேன். மீனவர் வாழ்க்கையைத் தமிழ் சினிமாவும் பாட்டும் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. அது சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுபவர்கள்தான் குறைவு.

வாரம் எப்படி நகர்கிறது?

வாரத் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் பேசி எந்தப் படம், எந்தக் கச்சேரி, எத்தனை சொல் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை படம் பார்த்து, அன்றிரவே எழுதி அனுப்ப வேண்டும். மார்கழியில் சபாக்கள், ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் என்று இசைக்குத் தனிக் கணக்கு. டிக்கெட்டும் பேருந்துச் செலவும் பெரும்பாலும் சொந்தக் கைக்காசுதான். பட நிறுவனமோ சபாவோ கொடுக்கும் பரிசைத் தொடக்கூடாது. வருமானம் குறைவான இந்தத் தொழிலில் விமர்சகருக்கு இருக்கும் ஒரே மூலதனம் வாசகரின் நம்பிக்கை.

இந்த மரபு தமிழுக்குப் புதிதல்ல. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதினார். இசை நுணுக்கம் தெரியாதவரும் படித்து ரசிக்கும்படி எழுதியதுதான் அவர் காட்டிய வழி. பின்னால் வந்த இசை விமர்சகர் சுப்புடு, பெரிய வித்வான் என்றாலும் பாட்டு சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதினார்.

படத்தில் எதைப் பார்ப்பது?

1964-இல் வந்த 'படகோட்டி'யை எடுத்துக்கொள்வோம். டி. பிரகாஷ்ராவ் இயக்கம், வாலியின் பாடல்கள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. இரண்டு மீனவக் கூட்டங்களுக்குள் பகை. அதை மூட்டிவிட்டு ஆதாயம் தேடும் பணக்காரர் ஒருவர். எம்.ஜி.ஆரின் நடிப்பைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் யாரும் எழுதிவிடலாம். பழவேற்காட்டை அறிந்த விமர்சகர் இன்னொரு கேள்வியும் கேட்பார்: யார் எங்கே வலை போடுவது என்பதை இந்தப் படத்து ஊரில் யார் தீர்மானிக்கிறார்கள்?

பழவேற்காட்டில் அதற்குப் 'பாடு' என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களுக்கு ஏரியில் குறிப்பிட்ட இடங்களில் இறால் பிடிக்க உரிமை உண்டு. இன்று யார், எந்த இடத்தில் சுத்து வலை கட்டுவது என்பது முறை வைத்து நடக்கும். வளமான இடம் ஒருவருக்கே போய்விடாமல் இருக்கவும், சண்டை வராமல் இருக்கவும்தான் இந்த முறை. இதெல்லாம் தெரிந்தவருக்கு, ஏதாவது ஒரு படத்தில் கதாநாயகன் ஏரியில் நினைத்த இடத்தில் வலை வீசும் காட்சி உறுத்தும். மீனவர் என்றாலே கோபமும் அடிதடியும் என்று காட்டும் படத்தில், ஒரு சமூகம் கட்டிக்காத்த நியாயம் விடுபட்டிருப்பதை அவரால் எடுத்துச் சொல்ல முடியும்.

அதுபோல, கழிமுகத் தண்ணீரில் இறங்கி, பறி என்ற கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் கவனிக்க வேண்டும். படகும் வலையும் மட்டுமே மீன்பிடி என்று நினைக்கும் படத்தில் இவர்களுக்கு இடமே இருக்காது. திரையில் இல்லாதவர்களைக் கவனித்துச் சொல்வதும் விமர்சனம்தான்.

பாட்டில் எதைக் கேட்பது?

2017 பொங்கல் சமயத்தில் வெளிவந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' நல்ல உதாரணம். கபேர் வாசுகி எழுத, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடினார்; காணொலியை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களும் சாம்பலும் சூழ்ந்த இடத்திலேயே அதைப் படமாக்கினார்கள். பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூருக்கும் நீர்வழித் தொடர்பு உண்டு. எனவே அந்தப் பாட்டு பேசுவது ஏரிக்கரைக் குப்பங்களின் கவலையையும்தான்.

இதை எழுதும் விமர்சகருக்கு இரண்டு காது வேண்டும். ஆனந்தபைரவி, பேகடா என்று ராகமாலிகையாகப் போகும் பாட்டில், பேச்சுத் தமிழ் வரிகள் கமகத்தோடு எப்படி இழைகின்றன என்பதை ஒரு காது கேட்கும். கோயிலையும் தெய்வத்தையும் பாடிவந்த கர்நாடக இசை, சாம்பல் படிந்த கழிமுகத்தைப் பாடும்போது அங்கே பிழைப்பவருக்கு அது எப்படிப் படுகிறது என்பதை மற்றொரு காது கேட்கும். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி விமர்சனம்தான்.

எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதும் முக்கியம். சென்னையில் 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, மீனவர் குப்பத்திலேயே மேடை போட்டுக் கர்நாடக இசையையும் பறையையும் அடுத்தடுத்து ஒலிக்க வைத்தது. அதுபோன்ற இடத்தில் விமர்சகருக்குப் பக்கத்தில் உட்காருபவர் சபா உறுப்பினராகவும் இருக்கலாம், வலை பின்னிவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். இருவரும் எந்த இடத்தில் ரசித்தார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

பழவேற்காட்டிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் கல்லூரிக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஏரியையோ உங்கள் தொழிலையோ காட்டும் படமோ பாட்டோ வந்தால், எது சரி, எது தவறு, எது விடுபட்டது என்று ஒரு பக்கம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அந்த ஒரு பக்கத்தை உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் வெளியே யாரும் இல்லை.