அயல் வீட்டுப் பிள்ளை கற்ற சங்கீதம்

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறும் குடும்பங்கள் கொண்டுவரும் சாமான்களில் எடையில்லாதது ஒன்று உண்டு, அதுதான் பாட்டு. படுக்கை மூட்டையும் பித்தளைப் பாத்திரமும் ரயிலேறும்போது அதுவும் உடன் ஏறிவிடுகிறது. ஆனால், புதிய ஊரில் அதனை நமக்குப் பின் காப்பவர் யார்? நம் இல்லங்களில் அடிக்கடி எழும் இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று விடை கூறுகிறது.

‘புளூஸ்’ என்பது அந்நாட்டின் தென் மாநிலங்களில், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. ஓரடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவது அதன் பழைய அமைப்பு. நந்நான்கு எண்ணிக்கை கொண்ட 12 வட்டங்களில் பெரும்பாலும் அது முடியும். பிழைப்பு நாடி மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே சென்றபோது பாட்டும் சென்றது. மிசிசிப்பியிலிருந்து 1943இல் சிகாகோ வந்த மடி வாட்டர்ஸ், விடுதிகளின் இரைச்சலை வெல்ல மின்சாரக் கிதாரைக் கைக்கொண்டார். சிகாகோ புளூஸின் தலைமகன் என அவர் போற்றப்பட்டார்.

அந்நகரத்து வெள்ளை வழக்கறிஞர் ஒருவரின் மகன் பால் பட்டர்ஃபீல்ட். 1942 டிசம்பர் 17ஆம் நாள் பிறந்த இவர், இளமையில் மேனாட்டுச் செவ்வியல் முறையில் குழல் பயின்றவர். ஆயினும், அவர் உள்ளத்தைக் கவர்ந்தது மௌத் ஆர்கன். சிகாகோ பல்கலைக்கழக மாணவரான எல்வின் பிஷப்புடன், வெள்ளையர் அரிதாகவே சென்ற தென்பகுதி விடுதிகளுக்குச் சென்று முதுபெரும் கலைஞர்களைக் கேட்டார். பின்னர் அவர்களுடனேயே மேடையேறி வாசித்தார். மடி வாட்டர்ஸ் அவரை விரட்டவில்லை, ஊக்குவித்தார்.

பத்துத் துளைகளே உள்ள சிறு கருவி அது. மூச்சை உள்ளிழுக்கும்போது நாவின் நிலையை மாற்றி ஸ்வரத்தை வளைப்பதே அதன் நுட்பம். கமகம் அறிந்த நம் செவிக்கு இது புதிதன்று.

1963இல் பட்டர்ஃபீல்ட் ஒரு குழு அமைத்தார். ஹவ்லின் உல்ஃப் என்னும் பெரியாரிடம் வாசித்துவந்த ஜெரோம் ஆர்னால்டும் சாம் லேயும் அதில் சேர்ந்தனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்றனர். பொது இடங்களில் இனவேற்றுமையைத் தடுக்கும் சட்டமே 1964இல்தான் நிறைவேறியது என்பதை எண்ணினால் இத்துணிவு விளங்கும்.

பெரிய நிறுவனங்களைச் சாராது அந்நாளில் தனித்து இயங்கிய எலெக்ட்ரா நிறுவனம் அவர்களை அழைத்தது. முதல் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு இருமுறை ஒதுக்கப்பட்டது. மூன்றாம் முயற்சியே 1965இல் வெளிவந்தது. மறு ஆண்டு வந்த ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ என்னும் தட்டில், அதே பெயருடைய 13 நிமிட வாத்திய இசை ஒன்று உண்டு. கிதார் கலைஞர் மைக் ப்ளூம்ஃபீல்ட் நம் நாட்டு இராக ஆலாபனையின் சாயலை அதில் புகுத்தினார். மிசிசிப்பிப் பாட்டு இவ்வாறு நம் வாயிலையும் எட்டிப் பார்த்தது!

1967இல் ப்ளூம்ஃபீல்ட் பிரிந்தார். குழு 1969இல் உட்ஸ்டாக் பெருவிழாவில் வாசித்து, 1971இல் கலைந்தது. அதே 1969இல் மடி வாட்டர்ஸ், பட்டர்ஃபீல்ட் முதலிய இளைஞர்களுடன் ஓர் இசைத்தட்டு அளித்தார். அதன் பெயர் ‘தந்தையரும் மைந்தரும்’ என்று பொருள்படும். குருவே வழங்கிய பட்டயம் அன்றோ அது!

பின்னாளில் மதுவும் போதைப் பொருளும் அக்கலைஞரை அரித்தன. 1987 மே 4ஆம் நாள், 44ஆம் வயதில் மறைந்தார். அளவற்ற திறமையும் ஒழுங்கற்ற வாழ்வைக் காக்காது என்பதை இங்கு மறைத்துரைப்பது முறையாகாது. 2015இல் அக்குழு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது.

அன்பர்களே! தென்பகுதி விடுதிகளின் மூத்தோர் அன்று அவ்விளைஞனுக்குக் கதவைச் சாத்தியிருந்தால் இவ்வரலாறு நிகழ்ந்திராது. மாலையில் நம் பெண் குழந்தை சரளி வரிசை பாடும்போது, வேற்று மொழி பேசும் அயல் வீட்டுச் சிறுவன் வாசலில் நின்று கேட்கலாம். அவனையும் உள்ளே அழைத்துப் பாயில் அமர்த்துங்கள். நம் பாட்டின் வாரிசு அவனாகவும் இருக்கக்கூடும்.