விண்மீன் ஆக்கமும் வாயுவின் வரவு செலவும்

புணே மாவட்டத்தில் தளேகாவ் ஒரு தொழில் நகரம். அம்மாவட்டத்தின் வடபகுதியில், நாராயண்காவை அடுத்த கோடத் சிற்றூரை மையமாகக் கொண்டு, 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் நட்சத்திர மண்டலங்களின் ஹைட்ரஜன் இருப்பை அளந்து வருகின்றன. உதகையில் வானொலித் தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப்பின் முயற்சியால் உருவானது இது.

விண்மீன்களுக்கு மூலப்பொருள் வாயு. ஒவ்வொரு மண்டலத்தையும் பரந்த வாயு உறை சூழ்ந்துள்ளது. அதிலிருந்து வாயு உள்ளே இறங்குகிறது. பெரு விண்மீன்கள் வெடிக்கையில் ஒரு பகுதி வெளியே வீசப்படுகிறது. பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள இவ்வுறை நேரில் தென்படுவது அரிது. பின்னாலிருந்து வரும் ஒளியில் அது விழுங்கிய நிறங்களைக் கொண்டே பெரும்பாலும் அறியப்படுகிறது.

கையிருப்பையும் செலவையும் அறிந்தால் வரவை ஊகிக்கலாம். புணே தேசிய வானொலி வானியற்பியல் மையத்தாரும் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தாரும் 2020இல் அவ்வாறே செய்தனர். ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்டலமொன்றின் சைகை தனித்துப் புலப்படாது. ஆகவே 7,653 மண்டலங்களின் சைகைகளைச் சேர்த்துச் சராசரி கண்டனர். இருப்பு ஏராளமே, செலவின் வேகமோ அதனினும் பெரிது. புதுவரவின்றி அது 100 முதல் 200 கோடி ஆண்டுகளே தாங்கும். பிற்காலத்தில் விண்மீன் ஆக்கம் குன்றியதற்கு வரவு போதாமையே காரணமாகலாம் என்றனர்.

ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலை, அண்ட விரிவால் ஏறக்குறைய இருமடங்கு நீண்டு இங்கு வந்து சேர்கிறது. அலைபேசிகளின் அலைவரிசைகள் சிலவும் அதே எல்லையில் உள்ளன. கோடத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு வானொலி இரைச்சல் குறைவு என்பதும் ஒரு காரணம். அதனருகே ஆலைக்கோ கோபுரத்துக்கோ இசைவு வழங்கும் அலுவலர் இதனையும் கணக்கிற் கொள்ள வேண்டியுள்ளது.