வண்டி ஏறிவிடும், உடம்பு?

இலத்தூர், தென்காசி, குற்றாலம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மலை புதிதில்லை. மூணாறு, கொடைக்கானல், ஊட்டி என்று பைக்கில் சுற்றி முடித்தவர்கள் அடுத்து லடாக் போகத் திட்டம் போடுகிறார்கள். போகட்டும். ஆனால் ஊட்டியில் நிமிர்ந்து நிற்கும் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரம் ஏறுவதால் வரும் மலைநோய் தலைகாட்டத் தொடங்குவது ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல். நம் மலைகளில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் இந்தக் கணக்கில் அனுபவம் ஏறக்குறைய பூஜ்யம்.

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். (அங்கே நின்ற பலகை வெகுகாலம் 18,380 அடி என்று சொல்லிக்கொண்டிருந்தது. சரியாக அளந்தால் சுமார் 800 அடி குறைகிறது!) அந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதியாகிறது. எஞ்சின் திணறுவதும் இதனால்தான்.

உடம்பு என்ன செய்யும்? வேகமாக மூச்சு வாங்கும். அதில் கரியமில வாயு கூடுதலாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். உடனே மூளை மூச்சை அடக்கப் பார்க்கும். இந்த இழுபறி ராத்திரியில்தான் நன்றாகத் தெரியும்: தூக்கத்தில் சில நொடி மூச்சு நின்று, திடுக்கென விழிப்பு வரும். சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கழித்துத் தள்ளினால் ரத்தம் சமநிலைக்குத் திரும்பும். அதற்கு இரண்டொரு நாள் வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை இந்த வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. இது சல்ஃபா வகை மருந்து; அது ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. டாக்டரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

நடந்து ஏறுகிறவரை அவர் கால்களே மெதுவாக்கிவிடும். பைக்கில் அந்தக் கடிவாளம் இல்லை. 2,050 மீட்டர் உயர மணாலியில் காலையில் கிளம்பினால், சாயங்காலம் லே போகும் வழியில் 4,290 மீட்டரில் இருக்கும் சர்ச்சு கூடாரத்தில் படுக்கலாம். இதுதான் பெரிய தப்பு. 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கும் இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது மலை மருத்துவர்களின் விதி. சர்ச்சுவில் நள்ளிரவில் முடியாமல் போனால் சட்டென்று இறங்கவும் வழி கிடையாது. இரண்டு பக்கமும் அதைவிட உயரமான கணவாய்கள். மணாலி வழிதான் என்றால் சர்ச்சுவுக்குக் கீழே இருக்கும் ஜிஸ்பாவில் தங்குங்கள். என்னைக் கேட்டால் ஸ்ரீநகர், கார்கில் வழிதான் நல்லது; கார்கில் 2,700 மீட்டருக்குள் அடங்கும். எந்த வழியில் போனாலும் லேயில் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் இருப்பது அவசியம்.

‘ஜிம் உடம்பு, எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பவர்களுக்கு ஒரு தகவல். விமானத்தில் இமயமலை உயரங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்திய ராணுவ வீரர்களில் மலைநோய் கண்ட 1,925 பேரைப் பற்றி டாக்டர் இந்தர் சிங் குழு 1969-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அத்தனை பேரும் பயிற்சி பெற்ற சிப்பாய்கள்.

தலைவலியும் குமட்டலும் ஆரம்ப அறிகுறி. அதற்குமேல் ஏறாதீர்கள், மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள்; தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். உடனே கீழே இறக்க வேண்டும். அந்த ஆள் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள், பின்சீட்டிலும் உட்கார வைக்காதீர்கள். வருகிற காரையோ லாரியையோ நிறுத்தி ஏற்றி அனுப்புங்கள். கூடவே ஒருவர் போங்கள்.