எலும்பு மஜ்ஜையும் உடலின் காவற்படையும்

'நோய் எதிர்ப்பு ஆற்றல்' என்று நாம் வழங்கும் தொடரிலே ஓர் எண்ணம் பொதிந்திருக்கிறது: பகை வெளியிலிருந்து வருவது, உடல் அதனை எதிர்ப்பது. பெரும்பாலும் இது மெய்யே. ஆயினும் வேலியே பயிரை மேய்வதும் உண்டு. 'அப்ளாஸ்டிக் அனீமியா' என்னும் நோய் அதற்குச் சான்று.

செவ்வணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் எலும்பின் உள்ளேயுள்ள மஜ்ஜையில் பிறப்பவை. இந்நோயில் அவற்றை ஈனும் மூல அணுக்கள் அருகி, அவ்விடத்தில் கொழுப்பு நிறைகிறது. ஆகவே முகம் வெளிறுகிறது. காய்ச்சல் விடாது வருகிறது. ஈறுகளில் இரத்தம் கசிகிறது. 1888-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். உடல் தன்னைத்தானே தாக்க அஞ்சும் என்று பின்னாளில் கொள்கை வகுத்தவரும் அவரே! தாம் கண்ட நோயே அதற்கு விலக்கு என்பதை அவர் அறிந்தாரில்லை.

உண்மை வெளிப்பட்ட விதம் விந்தையானது. 1970-ஆம் ஆண்டையொட்டி, பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் மாத்தே, நோயாளிகளுக்குப் பிறருடைய மஜ்ஜையைச் செலுத்தினார். உடல் அதனை ஒதுக்கிவிடாதிருக்க, நிணவணுக்களை அடக்கும் மருந்தையும் முன்னதாகக் கொடுத்தார். சிலரிடம் வந்த மஜ்ஜை வேரூன்றவில்லை; நோயாளியின் சொந்த மஜ்ஜையே மீண்டும் தழைத்தது! காவற்படையான நிணவணுக்களே மஜ்ஜையை அழித்துவந்தன என்பது இதனால் புலப்படலாயிற்று.

ஆகவே பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் இங்கே பயன்படா. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் புரதமும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தும் நிணவணுக்களை அடக்குகின்றன. மூவரில் ஏறக்குறைய இருவர் தேறுகின்றனர். ஆனால் பல மாதங்கள் பொறுத்திருக்கவேண்டும்.

இளவயதினர்க்கு, பொருத்தமான உடன்பிறந்தாரின் மஜ்ஜையை மாற்றிவைப்பதே சிறந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்றுவருகிறது. ஒவ்வொரு உடன்பிறந்தாரும் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கே வாய்ப்பு.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் ஒன்றைக் கருதவேண்டும். செய்தி கேட்டதும் ஊரிலிருந்து அண்ணனும் தங்கையும் இரத்தம் கொடுக்க ஓடிவருவது நம் இயல்பு. இந்நோயில் அது தகாது. உறவினரின் இரத்தம் ஏறினால், நோயாளியின் காவலணுக்கள் அதனை அடையாளங் கண்டுவைத்து, பின்னர் அவர்களது மஜ்ஜையையே விலக்கக்கூடும். இரத்தத்தை இரத்த வங்கி வாயிலாக அயலாரிடமே பெறவேண்டும். உடன்பிறந்தார் பொருத்தச் சோதனைக்கான மாதிரியை மட்டும் அளித்தால் போதும்.