கழுத்தில் ஏழு பகுதிகள்

உங்கள் வீட்டில் யாருக்காவது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? பதற வேண்டாம். பல் சொத்தை, தொண்டைப் புண் என்றாலும் நெறி கட்டும், தானே வடிந்துவிடும். மூன்று வாரமாகியும் கரையாவிட்டால்தான் விஷயம் வேறு.

நெறி என்று நாம் சொல்வது நிணநீர் முடிச்சு. கழுத்தில் மட்டும் சுமார் 300 இருக்கின்றன. வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டால், அது பரவும்போது பெரும்பாலும் முதலில் தங்குவது இவற்றில்தான்.

ஆழத்தில் இருப்பவை கைக்கு அகப்படா. ஸ்கான் படத்தில் தெரியும். 1999-ல் அமெரிக்க நிபுணர்கள் சிலர், படத்தில் தெரியும் எலும்புகளையும் இரத்தக் குழாய்களையும் எல்லைக் கற்களாக வைத்து, கழுத்து முடிச்சுகளை ஏழு பகுதிகளாகப் பிரித்தார்கள். தாடைக்கு அடியில் ஒன்று, பக்கவாட்டில் காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை இரண்டு, மூன்று, நான்கு, அவற்றுக்குப் பின்னே ஐந்து, நடுக்கழுத்தில் ஆறு, அதற்கும் கீழே, மார்பெலும்பின் பின்னால் ஏழு.

நாக்கில் முளைத்த நோய் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகளையே நாடும். எத்தனை முடிச்சு, ஒரு பக்கமா இரு பக்கமா, 3 சென்டிமீட்டரைத் தாண்டியதா என்று பார்த்தே நோயின் கட்டத்தை நிர்ணயிக்கிறார்கள். கத்தி எவ்வளவு தூரம் போகவேண்டும், கதிர் எங்கே பாயவேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்ததே.

ஆனால் படம் ஒன்றே போதாது. சிறிய முடிச்சில் நோய் ஒளிந்திருக்கலாம். பெரியது வெறும் வீக்கமாக இருக்கலாம். சந்தேகமானால் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

வலிக்கவில்லையே என்று பத்துப் போட்டுக் காலம் கடத்தாதீர்கள், சகோதரிகளே! வலிக்காத கட்டியைத்தான் முதலில் டாக்டரிடம் காட்டவேண்டும். அதுவும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களானால், நாளைக்கு என்று தள்ளவே கூடாது.